நுண்ணசைவும் நிலைபேறும்



இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒளியியல் ஆய்வுகூடங்களிலே ஓர் ஆடியையோ, ஒரு வில்லையையோ, ஓர் ஒளிநாரின் நுனியையோ, மயிரிழையின் பருமனில் நூற்றிலொரு பங்குக்கும் குறைந்த தூரம் நகர்த்தி, நகர்த்திய அவ்விடத்திலேயே நிறுத்திவைக்கின்ற யந்திர சாதனங்களைப் பற்றியதாகும். இவ்வளவு சிறிய அசைவினால் ஆகப்போவது யாது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பச்சை லேசர் ஒளியின் அலைநீளம் 532 நானோமீற்றர். அதாவது, ஒரு மில்லிமீற்றர் இடைவெளிக்குள்ளே ஏறக்குறைய 1,880 அலைகள் அடங்கிவிடும். அந்த அலையில் காற்பங்கு தூரம் ஓர் ஆடி பின்வாங்கினால், அதிற் பட்டுத் திரும்புகின்ற ஒளியின் பாதை அரையலை நீண்டுவிடுகிறது. இரண்டு ஒளிக்கற்றைகள் சந்திக்கின்ற தலையீட்டுமானியிலே, ஒளிர்ந்த இடம் இருளும், இருண்ட இடம் ஒளிரும். ஒளியோடு வேலை செய்ய விரும்புகிறவன் ஒளியின் அளவுகோலுக்குத் தன் கையைப் பழக்கவேண்டும். மனிதக் கை அதற்குப் பழகாது. ஆகையால் கைக்கும் ஆடிக்கும் இடையிலே ஒரு சாதனம் நிற்கவேண்டியதாயிற்று.

அச்சாதனத்தைப் பற்றி உலகம் கேட்கின்ற முதற் கேள்வி எது? "எத்துணைச் சிறிய அசைவை இது தரும்?" என்பதே. விற்பனைப் பிரசுரங்களும் அந்த ஓர் எண்ணையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. நான் உங்களைக் கேட்கும்படி வேண்டுவது வேறொரு கேள்வி. அசையச் சொன்ன திசையில் அசையும்போது, அசையச் சொல்லாத ஏனைய திசைகளில் அது எவ்வளவு அசையாது நிற்கின்றது? அசைவு முடிந்த பின்னர், நின்ற இடத்தில் எத்தனை நாழிகை நிற்கின்றது? நுண்ணசைவுக் கலையின் வரலாறு முழுவதையும் ஆராய்ந்து பார்த்தால், அது பெரும்பாலும் நிலைபேற்றைத் தேடிய வரலாறாகவே இருக்கக் காண்கிறோம். இதுவே இன்று நான் சொல்ல வந்தது; இனிச் சொல்லப்போவன யாவும் இதற்குச் சான்றுகள்.

முதலிலே திருகாணியை எடுத்துக்கொள்வோம். நம் வன்னிநாட்டிலே குளத்துத் துருசுக்கதவை உயர்த்துகின்றவரைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் மேலேயுள்ள சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வியர்க்கிறார்; கீழே, நீரின் பாரத்தைச் சுமந்து நிற்கும் கதவு விரலளவு உயருகின்றது. நீண்ட சுற்றோட்டத்தைக் குறுகிய நேரோட்டமாக மாற்றித் தருவதே புரியின் தொழில். பாடசாலை ஆய்வுகூடத்து நுண்மானித் திருகிலும் அதே புரிதான் இருக்கின்றது. அங்கே ஒரு முழுச்சுற்றுக்கு அரை மில்லிமீற்றர். தலையிலே 50 பிரிவுகள். ஆகவே ஒரு பிரிவுக்கு நூறிலொரு மில்லிமீற்றர். 1630ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், வில்லியம் கஸ்கோயின் என்னும் இளம் ஆங்கிலேயர் தமது தொலைகாட்டியின் கண்வில்லைக்குள்ளே இத்தகைய திருகொன்றை வைத்து, வானத்துப் பொருள்களின் கோணவிட்டங்களை அளந்தார். அன்று தொடங்கி இன்றுவரை, எத்தனையோ புதிய முறைகள் வந்தபோதிலும், திருகாணி ஆய்வுகூடத்தைவிட்டு வெளியேறவேயில்லை.

ஆனால் திருகாணி மட்டும் போதுமா? இதற்கு விடை சொல்லத் தமிழ்நாட்டிலே நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1802ஆம் ஆண்டிலே சென்னைப் பரங்கிமலையின் அருகே அடித்தளக் கோடொன்றை அளந்து, இந்திய தேசத்தின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் லாம்ப்டன். அவருக்கென்று லண்டனிலே வில்லியம் கேரி என்னும் கருவிவினைஞர் ஆக்கிய தியோடலைட்டு அரைத் தொன் எடையுள்ளது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுள்ளது. வட்டத்தின் விளிம்பிலே பாகைகள் கீறப்பட்டிருந்தன. அவற்றை நுண்மானித் திருகு பொருத்திய நுணுக்குக்காட்டிகளால் வாசிப்பார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. கலையை அறுபதாகப் பகுத்தால் ஒரு விகலை. 18 அங்குல ஆரையுள்ள அவ்வட்டத்தின் விளிம்பிலே ஒரு விகலை எத்தனை தூரம் என்று நீங்களே கணக்கிடலாம்: 2.2 மைக்குரோமீற்றர். தூசியின் ஒரு துகளிலும் சிறிய தூரம் அது! இவ்வளவு நுண்மையை நாடிய கருவியை, 1808ஆம் ஆண்டிலே, தஞ்சைப் பெரியகோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றும் முயற்சியிலே கயிறு அறுந்தது, கருவி கோபுரத்தின்மேல் மோதியது, வட்டம் நெளிந்தது. வட்டமே நெளிந்தபின், அதை வாசிக்கும் திருகு எத்துணை நுண்ணியதாயினும் பயன் யாது?

வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? லண்டனுக்குக் கடிதம் எழுதி, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்திருப்பார். லாம்ப்டனோ கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். உண்மையான வட்டமொன்றைத் தளமான பலகையிலே வரைந்தார். ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு, உள்ளொடுங்கிய பாகத்தை வெளியே இழுத்தும், வெளிப்பிதுங்கிய பாகத்தை உள்ளே தள்ளியும், ஏறக்குறைய ஆறு வாரங்கள் உழைத்து, அந்த வட்டத்தை அதன் பூர்வ வடிவத்துக்கு மீட்டார். அக்கருவி பின்னரும் நெடுங்காலம் பணிபுரிந்தது. இச்சம்பவத்தைப் படிக்குந்தோறும் என் மனம் நெகிழ்கின்றது. கருவியொன்றை விலைக்கு வாங்கியவன் அதன் சொந்தக்காரன் ஆகலாம்; அதைக் கழற்றிப் பிழை கண்டு திருத்தத் தெரிந்தவனே அதன் எசமானன்.

சென்னையிலே இன்னுமொரு சான்று இருக்கின்றது. அது கல்லாலான சான்று. நுங்கம்பாக்கத்திலே 1792இல் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் கருவியைத் தாங்குவதற்கென்று நிறுத்திய கருங்கற்றூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிகளிலே பொறித்த சாசனத்தோடு இன்றும் அங்கே நிற்கின்றது. சுமார் 15 அடி உயரமும் பத்துத் தொன் பாரமும் உள்ள ஒரு தூணைச் சிறிய தொலைகாட்டி ஒன்றுக்காக நிறுத்துவானேன்? தொலைகாட்டி நெடுவரையிலே மேலுங் கீழுமாகத் திரும்பவேண்டும். வேறெத்திசையிலும் அணுவளவும் பிசகலாகாது. அந்தத் திரும்புதலை ஓர் அச்சாணி கொடுத்துவிடும். பிசகாமையைக் கொடுப்பதற்குப் பத்துத் தொன் கருங்கல் வேண்டியிருந்தது.

சபையோரே, பிசகாமைக்குக் கருங்கல்லின் பாரம் ஒன்றே வழியன்று. புத்தியினாலும் அதனைப் பெறலாம் என்று காட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பௌதிக மேதைகளாகிய மக்சுவெல்லும் கெல்வினும் ஆவர். ஆகாயத்திலே மிதக்கின்ற ஒரு திண்பொருளுக்கு ஆறு சுயாதீனங்கள் உண்டு: முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகருதல் மூன்று, அம்மூன்று அச்சுகளையும் பற்றிச் சுழலுதல் மூன்று. இந்த ஆறையும் ஆறே தொடுபுள்ளிகளால் அடக்கவேண்டும். ஐந்து புள்ளியாயின் பொருள் ஆடும். ஏழு புள்ளியாயின் ஒன்றோடொன்று முரணிப் பொருளையே வளைக்கும். ஒரு தட்டின் அடியிலே மூன்று உருக்குக் குண்டுகளைப் பொருத்துங்கள். ஒரு குண்டு முப்பக்கக் குழியிலே அமரட்டும். அங்கே மூன்று தொடுகைகள். மற்றொரு குண்டு ஆப்புவடிவப் பள்ளத்திலே அமரட்டும், அங்கே இரண்டு. மூன்றாவது குண்டு தட்டையான பரப்பிலே அமரட்டும், அங்கே ஒன்று. மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறாயின! அத்தட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால், மைக்குரோமீற்றருக்கும் குறைந்த பிசகோடு முன்னிருந்த இடத்திலேயே அது வந்து அமர்ந்துகொள்ளும். இன்று உலகத்தின் எந்த லேசர் ஆய்வுகூடத்துக்குச் சென்றாலும், ஆடிகளைத் தாங்கி நிற்கின்ற பிடிகளின் பின்புறத்திலே இரண்டு சிறிய திருகுகளும் ஒரு குண்டும் இருக்கக் காண்பீர்கள். அவை இந்தத் தத்துவத்தின் குழந்தைகள். இதைச் செய்ய விலையுயர்ந்த பொருள் ஏதேனும் வேண்டுமா? பழைய துவிச்சக்கரவண்டியின் போல்சுகள் போதும். ஓர் அரமும் ஒரு துளைபொறியும் போதும். ஆறு என்ற எண்ணின் பொருள் மட்டும் நன்றாக விளங்கியிருக்கவேண்டும்.

இனி, கோணத்தின் வஞ்சகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யேனா நகரத்திலே சைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்த ஏர்ன்ஸ்ட் அபே, 1890ஆம் ஆண்டிலே ஒரு விதியை எடுத்துரைத்தார்: அளக்கின்ற அளவுகோலும் அளக்கப்படுகின்ற நகர்ச்சியும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். ஏன்? நகரும் தட்டு தன் பாதையிலே செல்லும்போது ஒரேயொரு விகலை மாத்திரம் சாய்வதாகக் கொள்வோம். அளவுகோல் தட்டின் கீழேயும், நாம் நகர்த்த விரும்பும் வில்லை அதற்குப் பத்துச் சென்ரிமீற்றர் மேலேயும் இருக்குமாயின், அந்த ஒரு விகலைச் சாய்வே அரை மைக்குரோமீற்றர்ப் பிழையாகி நிற்கும். அளவுகோல் பொய் சொல்லவில்லை. மோட்டாரும் பிழை செய்யவில்லை. எனினும் வில்லை சொன்ன இடத்தில் இல்லை. உயரமான தூண்களின்மேல் வில்லைகளை ஏற்றிவைத்துவிட்டு, "மேசைச்சாதனம் பழுது" என்று முறையிடுகின்ற மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பழுது சாதனத்திலா இருக்கின்றது? தூணின் உயரத்திலே இருக்கின்றது.

சூரியனைப் படமெடுத்த ஓர் இயந்திரத்திடம் இப்பொழுது உங்களை அழைத்துச் செல்கிறேன். தமிழ்நாட்டிலே பழனிமலைத் தொடரின் உச்சியில், கோடைக்கானலிலே, 1899ஆம் ஆண்டு தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே 1904ஆம் ஆண்டிலே, கேம்பிரிட்சிலே ஆக்கப்பெற்ற சூரிய நிறமாலைப் படக்கருவி பணிசெய்யத் தொடங்கியது. பகலவனின் ஒளியை 18 அங்குல ஆடியொன்று திருப்பி, 12 அங்குல வில்லையினுள் அனுப்ப, 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள சூரியபிம்பம் உண்டாகின்றது. அப்பிம்பத்தின் முன்னே மிகமிக ஒடுங்கிய பிளவொன்று இருக்கும். அப்பிளவு சூரியனின் ஒரு மெல்லிய கீற்றை மாத்திரம் உள்ளே விடும். உள்ளே சென்ற ஒளியை அரியங்கள் நிறமாலையாக விரிக்கும். விரிந்த நிறங்களுள் கல்சியம் தருகின்ற ஊதாநிறக் கோட்டை மட்டும் இரண்டாவது பிளவு தேர்ந்து எடுத்து, ஒளிப்படத் தகட்டிலே விழச்செய்யும். இப்படியாகக் கிடைப்பது சூரியனின் ஒரு கீற்று. முழுச் சூரியன் வேண்டுமாயின்? பிளவு சூரியபிம்பத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தவழவேண்டும். அந்தத் தவழ்ச்சியோடு ஒத்து, கீற்றுக்குப் பக்கத்திலே கீற்றாகத் தகட்டில் படம் வளரவேண்டும்.

அந்தத் தவழ்ச்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள்! வேகம் சிறிது கூடினால் அவ்விடத்திற் படம் மங்கும். சிறிது குறைந்தால் அவ்விடம் கருகும். தண்டவாளம் சிறிது கோணினால் சூரியனே கோணிவிடும். அறுபது மில்லிமீற்றர் தூரத்தைத் தயக்கமின்றி, துடிப்பின்றி, ஒரே நடையாகக் கடக்கவேண்டும். கணினியில்லாத காலத்திலே, இலத்திரனியல் இல்லாத காலத்திலே, இந்த நிதானமான நடையைப் பொறிவினைஞர்கள் சாதித்தார்கள். சாதித்த பின்னர் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, முகில் இல்லாத நாளெல்லாம் அந்நிலையத்தார் கல்சிய ஒளியிலே சூரியனைப் படமெடுத்தார்கள். இன்றைய விஞ்ஞானிகள் சூரியனின் பழைய சரித்திரத்தை அறியப் புரட்டுகின்ற பொக்கிஷங்களுள் அத்தகடுகளும் அடங்கும். அன்றைய தண்டவாளம் நேராக இருந்தபடியினாலே இன்றைய ஆராய்ச்சி நேராக நடக்கின்றது.

அந்நிலையத்துக்கு 1907ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தவர் ஜோன் எவர்செட். கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கும் வல்லமை பெற்றவர் அவர்; ஐதரசனின் செந்நிறக் கோட்டிலே சூரியனைப் படமெடுக்கும் மற்றொரு கருவியையும் தாமே ஆக்கி, முன்னிருந்த கருவியோடு இணைத்தார். 1909ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், சூரியகளங்கம் ஒன்றின் நிறமாலையை எடுத்து நோக்கியபோது, அதன் கோடுகள் களங்கத்தின் ஒரு பக்கத்தில் ஒரு திசையாகவும் மறுபக்கத்தில் எதிர்த்திசையாகவும் சற்றே விலகியிருக்கக் கண்டார். களங்கத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி வாயு பாய்கின்றது என்பதே அவ்விலகலின் பொருள். இன்றும் அந்நிகழ்ச்சி அவர் பெயராலேயே வழங்குகின்றது. விநாடிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்துக்கு, 500 நானோமீற்றர் அலைநீளமுள்ள கோடு எவ்வளவு விலகும்? சுமார் 0.003 நானோமீற்றர் மாத்திரமே. இத்தகைய சிறு விலகலை நுண்மானியால் அளப்பதற்கு அவர் ஓர் அழகிய உபாயம் கண்டார். தகட்டின் மறுபிரதி ஒன்றை எடுத்து, அதனைத் திருப்பி, மூலத்தகட்டின்மேல் வைத்து, கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று மறைக்கும்வரை திருகால் நகர்த்தினார். கோட்டின் நடுவை நேரே தேடினால் கண் தடுமாறும். இரண்டு பிம்பங்கள் ஒன்றையொன்று அழிக்கும் கணத்தைக் கண்டுகொள்வதிலே கண் தவறுவதில்லை. இருக்கின்ற திருகையே கொண்டு, அளக்கும் முறையைத் திருத்தி, அளவையின் நுண்மையைக் கூட்டினார் எவர்செட்.

திருகாணியையே குற்றமற்றதாக்க முடியுமா என்று முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவிலே, ஜோன்சு ஹொப்கின்சு சர்வகலாசாலையின் பேராசிரியர் என்றி ரோலண்டு, 1880ஆம் ஆண்டுகளிலே, கண்ணாடிமேலும் உலோகத்தின்மேலும் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் வீதம் கீறுகின்ற யந்திரம் ஒன்றை அமைத்தார். கோட்டுக்குக் கோடு இடைவெளி 1.76 மைக்குரோமீற்றர். அதன் உயிர்நாடியாகிய திருகாணியைக் கடைந்து முடித்த பின்னர், நட் என்று நாம் சொல்கின்ற சுரையை நீளமானதாகச் செய்து, பிளந்து, அதனுள்ளே அத்திருகாணியை எமரித்தூளும் எண்ணெயும் இட்டு நாட்கணக்காகத் தேய்த்தார். தேய்க்கும்போது வெப்பநிலை மாறாதிருக்கவும் ஏற்பாடு செய்தார். மேடு பள்ளத்தைத் தேய்க்க, பள்ளம் மேட்டைத் தேய்க்க, புரி முழுவதும் ஒரு சராசரிக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு பொறுமை!

ஆயினும் பூரணமான திருகாணி இவ்வுலகில் இல்லை. இதை ஒப்புக்கொண்டு, வேறொரு மார்க்கத்தைத் திறந்தவர் மசச்சூசெற்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜோர்ஜ் அரிசன். 1955ஆம் ஆண்டளவில் அவர் தமது கீறும் யந்திரத்தோடு ஒரு தலையீட்டுமானியை இணைத்தார். தட்டு நகர நகர ஒளியின் அலைகளே அதன் இடத்தை எண்ணிச் சொல்லின. சொன்ன இடத்துக்கும் வேண்டிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இலத்திரனியல் உடனுக்குடன் திருத்தியது. குற்றமற்ற திருகைத் தேடுவது முதலாவது மார்க்கம். குற்றத்தை இடைவிடாது கவனித்துத் திருத்திக்கொண்டேயிருப்பது இரண்டாவது மார்க்கம். இந்த இரண்டாவது மார்க்கத்துக்கே பின்னூட்டல் என்று பெயர். இன்றைய சாதனங்கள் பலவும் இவ்விரண்டையும் கலந்தே செய்யப்படுகின்றன.

படிமோட்டாரைப் பாருங்கள். வழக்கமான படிமோட்டார் ஒரு சுற்றை 200 படிகளிலே சுற்றுகின்றது. அதனோடு ஒரு மில்லிமீற்றர்ப் புரியுள்ள திருகை இணைத்தால், ஒரு படிக்கு ஐந்து மைக்குரோமீற்றர். ஒவ்வொரு படியையும் மின்னோட்டத்தாற் பதினாறாகப் பகுத்தால், கடதாசியிலே ஏறக்குறைய 0.3 மைக்குரோமீற்றர். கடதாசியிலே என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். மோட்டாருக்கு ஒரு நுண்படி கட்டளையிட்டால் தட்டு அசையாதிருக்கக்கூடும். இரண்டாவது கட்டளைக்கும் அசையாதிருந்து, மூன்றாவதிலே உராய்வு விட்டுக்கொடுத்துத் திடீரென்று தாவக்கூடும். முன்னோக்கிப் பத்துப் படியும் பின்னோக்கிப் பத்துப் படியும் போனால் புறப்பட்ட இடத்துக்கு வருவோமா? வரமாட்டோம், திருகுக்கும் சுரைக்கும் இடையே ஆட்டம் இருக்கின்றது. நகரும் நுணுக்குக்காட்டியைக் கையாளும்போது, "எப்பொழுதும் ஒரே திசையிலே திருப்பி வந்து நிறுத்துங்கள்" என்று உங்கள் பௌதிகவியல் ஆசிரியர் வற்புறுத்தியது இதற்காகவே. அந்த ஒரு வாக்கியம், கோடிக்கணக்கில் விலைபோகும் யந்திரங்களுக்கும் பொருந்துகின்ற வாக்கியம். இடத்தை நேரே வாசித்துச் சொல்கின்ற என்கோடரைத் தட்டிலே பொருத்துவதும் இதே குறையைத் தீர்ப்பதற்கே.

உராய்வையும் ஆட்டத்தையும் அடியோடு ஒழிப்பதற்கு இன்னுமொரு வழி, ஒன்றன்மேலொன்று சறுக்கும் பாகங்களையே நீக்கிவிடுவது. மெல்லிய உருக்குத் தகட்டின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு மறுமுனையை மெல்ல அழுத்தினால் அது வளைகின்றது, விட்டால் மீள்கின்றது. அங்கே உராய்வு எங்கே, ஆட்டம் எங்கே? அத்தகைய தகடுகளிலே தட்டைத் தொங்கவிட்டு, திருகுக்குப் பதிலாக அழுத்தமின் பளிங்கினால் தள்ளுவார்கள். அழுத்தினால் மின்னைத் தருகின்ற பளிங்குகளைப் பியரி கியூரியும் அவர் தமையனார் ஜாக்கும் 1880இல் கண்டுபிடித்தனர். மின்னைக் கொடுத்தால் அவை நீளும், சுருங்கும் என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. இக்காலத்து அழுத்தமின் மட்பாண்டத் தண்டு தன் நீளத்தில் ஆயிரத்திலொரு பங்களவு நீளக்கூடியது. பத்து மில்லிமீற்றர்த் தண்டு பத்து மைக்குரோமீற்றர் நீளும். அந்தப் பத்தையும் நானோமீற்றர் நானோமீற்றராகக் கூறுபோட்டுத் தரும்.

அந்தப் பளிங்கைக் கொண்டே, 1981இல், சூரிச் நகரத்து ஐபிஎம் ஆய்வுகூடத்திலே பின்னிக்கும் ரோரரும் ஓர் ஊசிமுனையைப் பரப்பொன்றின்மேல் ஒரு நானோமீற்றருக்கும் குறைந்த உயரத்திலே தவழவிட்டு, அணுக்களின் ஒழுங்கைப் படமெடுத்தனர். ஊசி பரப்புக்கு ஒரு நானோமீற்றரின் பத்திலொரு பங்கு நெருங்கினால், அவற்றிடையே பாய்கின்ற மின்னோட்டம் பத்துமடங்காகும். இத்துணை நுண்மையான நகர்ச்சியைப் பளிங்கு எளிதாகக் கொடுத்துவிட்டது. அவர்களை அல்லற்படுத்தியது எது? கட்டடத்தின் நடுக்கம்! முதலில் அமைத்த கருவியை, அதிகுளிரூட்டிய ஈயக் கிண்ணத்தின்மேல் காந்தவிசையால் மிதக்கவிட்டு, பூமியிடமிருந்தே பிரித்துவைக்க முயன்றனர். 2015ஆம் ஆண்டிலே ஈர்ப்பலையைக் கேட்ட அமெரிக்கத் தலையீட்டுமானியிலும் இதே கதைதான்: 40 கிலோகிராம் எடையுள்ள ஆடிகளை நான்கடுக்கு ஊசல்களிலே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் சகோதரக் கருவியொன்று மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் எழும்பவிருக்கின்றது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள், கிளிநொச்சிக்கு வருவோம். நம் ஊரிலே ஓர் ஒளியியல் மேசை இட்டால், அதன் முதற் பகைவன் யார்? வெப்பம். அலுமினியம் ஒரு மீற்றர் நீளத்துக்கு, ஒரு பாகை செல்சியசு உயர்வுக்கு, 23 மைக்குரோமீற்றர் நீளுகின்றது. பச்சை ஒளியிலே அது நாற்பதுக்கு மேற்பட்ட அலைநீளங்கள். குளிரூட்டி நின்று நின்று ஓடுகின்ற ஓர் அறையிலே, ஒரு பாகை ஏறி இறங்குவது சாதாரணம். ஒரு மனிதர் மேசையருகே வந்து குனிந்தாலே நூறு உவாற்று மின்குமிழ் ஒன்றை அருகே ஏற்றிவைத்ததற்குச் சமானம். இரண்டாவது பகைவன் அதிர்வு: ஏ9 வீதியிலே கனரக வாகனங்கள், இருப்புப்பாதையிலே யாழ்தேவி. ஈரப்பதத்தால் வில்லையிலே பூஞ்சணமும் திருகிலே துருவும் உண்டாவதை நீங்களே அறிவீர்கள்.

இவற்றுக்குப் பரிகாரம் பணம் ஒன்றுதானா? 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, சான் பிரான்சிஸ்கோவிலே லொயிட் குரொசும் ஜெரி பெத்திக்கும் முப்பரிமாணப் படமாகிய ஒலோகிராமைச் சாமானியரும் எடுக்கலாம் என்று காட்டினார்கள். ஒலோகிராம் பதிவாகும் வேளையிலே ஆடிகள் அலைநீளத்தின் ஒரு சிறு பங்கேனும் அசையலாகாது. அவர்கள் செய்தது என்ன? பெரிய பெட்டி நிறைய மணலைக் கொட்டினார்கள். அப்பெட்டியைக் காற்றடைத்த ரியூப்புகளின்மேல் ஏற்றினார்கள். ஆடிகளையும் வில்லைகளையும் மணலிலே ஊன்றினார்கள். பாரம் மணலினால் வந்தது. மெத்தென்ற தாங்கல் காற்றினால் வந்தது. அதிர்வை விழுங்குவதும் மணலேயாயிற்று. வன்னியிலே மணலுக்குப் பஞ்சமா? பழைய ரியூப்புக்குப் பஞ்சமா?

நகரும் தட்டையும் இங்கேயே ஆக்கலாம். 2016ஆம் ஆண்டிலே, கேம்பிரிட்சைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், முப்பரிமாண அச்சுப்பொறியிலே ஒரே துண்டாக அச்சிடத்தக்க நுணுக்குக்காட்டித் தட்டொன்றின் வரைபடத்தை யாவருக்கும் உரிமையாக வெளியிட்டனர். சறுக்கும் பாகங்களின்றி, பிளாத்திக்கு வளைவினாலேயே அது நகர்கின்றது. 100 நானோமீற்றரிலும் குறைந்த படிகளைத் தருகின்றது. மலிவான சிறு படிமோட்டார்களே அதனை ஓட்டுகின்றன. தன்சானியாவிலே அவ்வகை நுணுக்குக்காட்டிகளை உள்ளூரிலேயே ஆக்கி, மலேரியாக் கிருமியைக் குருதியிலே தேடுவதற்குச் சோதித்து வருகிறார்கள். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் நம் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. காட்டுக்காய்ச்சலால் வன்னி பட்ட பாட்டை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு நுணுக்குக்காட்டியின் மதிப்பை இந்த மண்ணுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளை ஓடச்செய்ததும், துவிச்சக்கரவண்டித் தைனமோவினால் வானொலியைப் பேசச்செய்ததும் இந்நாட்டு மக்கள் தாம். போர்க்காலப் பொருளாதாரத் தடைகளின் நடுவே வேறு வழியின்றிப் பிறந்த அந்தக் கைத்திறனை நான் போற்றுகிறேன். அத்திறனோடு அளவையும் சேரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓடுகிறது, பேசுகிறது என்பதோடு நாம் அன்று நிற்கவேண்டியிருந்தது. எவ்வளவு நேராக, எவ்வளவு நேரம், எத்தனை மைக்குரோமீற்றர்ப் பிசகோடு என்று கேட்க இன்று நமக்கு அவகாசம் இருக்கின்றது.

ஆகையினாலே, மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து அமர்கிறேன். உங்கள் பாடசாலையிலுள்ள நகரும் நுணுக்குக்காட்டியின் வண்டியிலே ஒரு சிறு லேசர்ச் சுட்டியை, வண்டி நகரும் திசையையே நோக்குமாறு, ஆட்டமின்றிக் கட்டுங்கள். பத்து மீற்றர் தூரத்திலே, எவர் கண்ணிலும் ஒளி படாத உயரத்திலே, சுவரில் கோட்டுத்தாள் ஒன்றை ஒட்டுங்கள். வண்டியை ஒவ்வொரு சென்ரிமீற்றராக, ஒரே திசையிலே, நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் சுவரிலுள்ள புள்ளியைக் கைபேசியாற் படமெடுத்து அதன் நடுவைக் குறியுங்கள். புள்ளி ஒரே சீராக ஒரு பக்கம் நகர்ந்தால், அது பெரும்பாலும் நீங்கள் சுட்டியைக் கட்டியதிலுள்ள சாய்வு, அதனைக் கழித்துவிடலாம். நெளிந்து நெளிந்து நகர்ந்தால், அது தண்டவாளத்தின் கோணல். புள்ளியின் ஒரு மில்லிமீற்றர் விலகல், வண்டி ஏறக்குறைய 20 விகலை சாய்ந்ததற்கு அடையாளம். வண்டிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் மேலே வைக்கின்ற வில்லையிலே அது பத்து மைக்குரோமீற்றர்ப் பிழை. காலை எட்டு மணிக்கு ஒரு முறையும், வெயில் ஏறிய பிற்பகல் இரண்டு மணிக்கு மறுமுறையும் இதனைச் செய்யுங்கள். இரண்டு அட்டவணைகளின் தலைப்பிலும் அறையின் வெப்பநிலையை எழுதுங்கள். பின்னர், வண்டியைத் தொடாமலே விட்டுவிட்டு, ஒரு மணிநேரம் அப்புள்ளி என்ன செய்கின்றது என்று பார்த்து, அதையும் மூன்றாவது அட்டவணையாக எழுதுங்கள். உங்களிடமிருந்து நான் முதலிலே கேட்டு வாங்கிப் படிக்க விரும்புவது அந்த மூன்றாவது அட்டவணையை.